யூரோஸ்கோர் 2.4% என்றால் அப்பா எத்தனை வருஷம் இருப்பார்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, எடை 48 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.3. இதயத்தின் அயோர்டிக் வால்வு நன்றாகச் சுருங்கிவிட்டது; மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஃபைலில் ‘யூரோஸ்கோர் 2: 2.4%’ என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துதரும் தரகர் ஒருவரோ தன் போனில் கணக்குப் போட்டு 7% என்கிறார். ‘நெஞ்சைத் திறந்தால் ரொம்ப நாள் தாங்கமாட்டார், தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு வைக்கும் இடத்துக்கு மாற்றிவிடலாம்’ என்கிறார். எதை நம்புவது?

பதில்: யூரோஸ்கோர் என்பது இதய ஆபரேஷனில் உயிராபத்து எவ்வளவு என்று கணிக்கும் மதிப்பெண். இரண்டு எண்ணிலுமே ஆயுள் கணக்கு கிடையாது. இதே நிலையில் உள்ள 1,000 பேருக்கு ஆபரேஷன் செய்தால் சுமார் 24 பேர் வீடு திரும்பாமல் போகலாம் என்பதுதான் 2.4. 2010-இல் 43 நாடுகளில் 22,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து உருவாக்கிய கணக்கு இது. மருத்துவமனையில் இறந்தாரா இல்லையா என்பதை வைத்துத்தான் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது அதில் இல்லை. நம் ஊரிலும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்ததோடு பெரும்பாலான மருத்துவமனைகளுக்குக் கடமை முடிந்துவிடுகிறது. அஞ்சு வருஷம் கழித்துக் கூப்பிட்டு விசாரிக்க ஆள் போடமாட்டார்கள். விளம்பரப் பலகைக்கு மட்டும் காசு இருக்கும்.

அந்த 7% எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஒன்று, 1999-இல் வந்த பழைய யூரோஸ்கோராக இருக்கும். அது ஆபத்தை ஊதிக் காட்டியதால்தான் 2012-இல் புதியது, அதாவது யூரோஸ்கோர் 2, வந்தது. இல்லையென்றால் ‘அவசர ஆபரேஷன்’ என்ற பெட்டியில் டிக் அடித்திருப்பார். வீட்டிலிருந்து நடந்து வந்து தேதி வாங்குகிறவருக்கு அந்தப் பெட்டி பொருந்தாது. எண்ணைக் காட்டி மிரட்டுவதுதான் இந்தத் தரகர்களின் தொழில். பல லட்ச ரூபாய் தொடைவழி வால்வில் அவர் பங்கு எவ்வளவு என்று கேட்டுப்பாருங்கள், பேச்சு மாறும். 65 வயதுக்குக் கீழே, ஆபரேஷனைத் தாங்கக்கூடியவருக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவதுதான் இன்றும் முதல் தேர்வு.

ஸ்கோரில் உள்ள சில விஷயங்கள் ஆயுளையும் தொடும். அவற்றில் முக்கியமான ஒன்று சிறுநீரகம். கிரியாட்டினின் 1.3 என்றால் ‘கொஞ்சம்தானே கூட’ என்பார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஒல்லியான உடம்பில் தசை குறைவு, அதனால் அந்த எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும். வயது, எடை எல்லாம் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிட்டால் உங்கள் அப்பாவுக்கு வருவது நிமிடத்துக்கு 39 மில்லி. ஐம்பதுக்குக் கீழே போனாலே ஸ்கோரில் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். ஃபைலில் உள்ள 2.4 இதைச் சேர்த்த கணக்கா, கிரியாட்டினினை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று போட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும் அவருடைய வருஷங்களைக் கூட்டிக் குறைப்பதில் இந்தச் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரைகளை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, தொடைவழி வால்வுக்கு முன்னால் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டும். அந்தச் சாயமே சிறுநீரகத்துக்குச் சுமை. தரகர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

மற்றபடி ஆயுளைத் தீர்மானிப்பவை இதயம் பம்ப் செய்யும் பலமும் எந்த வால்வு என்பதும். உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. அதை உங்கள் ஊரில் ஒழுங்காகச் செய்யும் லேப் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். விலங்குத் திசுவால் செய்த திசு வால்வு பத்துப் பதினைந்து வருஷத்தில் தேயலாம், அப்போது மறுபடி ஒரு சிகிச்சை.

நான் பயப்படுவது தாமதத்துக்கு. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு வால்வை மாற்றாமல் விட்டால் பாதிப் பேர் இரண்டு மூன்று வருஷம்கூடத் தாண்டுவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் நீங்களே விண்ணப்பியுங்கள். அனுமதி வர ஒரு காகிதத்தை மூன்று முறை கேட்பார்கள். சலிக்காமல் கொடுங்கள், இடையில் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.