சங்கம் இருக்கிற வேலைக்குப் பயப்படாதீர்கள், அக்கா

முக்கூடலிலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்திருந்தார். பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவர். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடம் பேசிவிட்டார். நகையை அடகு வைத்தாவது முதல் வருஷப் பணத்தைக் கட்டச் சொல்கிறார். பையனோ ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கணும் என்கிறான்.

"அதைப் படிச்சா மில்லு, கரண்ட் ஆபீஸுன்னுதான போவணும் சார்? அங்க கட்டாயம் சங்கத்துல சேரணுமாம், சந்தா பிடிப்பாகளாம். எங்கண்ணன் சொல்லுதாவ."

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். பையனின் கையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். நகக்கண்ணில் வார்னிஷ் கறை. பக்கத்துத் தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டியிருக்கிறான்.

அக்கா, முதலில் ஒன்று. நம் நாட்டில் எந்தச் சங்கத்திலும் யாரையும் கட்டாயமாகச் சேர்க்க முடியாது. சங்கம் அமைப்பது அரசியல் சட்டம் தரும் உரிமை, சேர்வது அவரவர் விருப்பம். உறுப்பினருக்குத்தான் வேலை என்ற ஏற்பாட்டை அமெரிக்காவிலேயே 1947-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் போகும் என்பது உண்மைதான், மறைக்கவில்லை.

பீடி சுற்ற மடியில் வைக்கிற உங்கள் சுளகையே பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி தானாகவா ஏறியது? சங்கங்களும் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசித்தான் ஏறியது. நீங்கள் சந்தா கட்டியதில்லை என்றீர்கள், ஆனால் ஏறிய கூலி உங்களுக்கும் வந்ததே. ஆலையிலும் அப்படித்தான். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரசமாகிக் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தை, பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, '12(3)' என்று சொல்லி வந்தார்கள். அது உறுப்பினர், உறுப்பினரல்லாதவர் எல்லாருக்கும் பொருந்தும். மின்வாரியத்தில் 2023 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் 6 சதவீத உயர்வை 2019 டிசம்பரிலிருந்தே கணக்கிட்டது. சங்கம் இல்லாத இடத்தில் முதலாளி மனசு வைத்தால்தான் உயர்வு. இந்தச் சீமைக்கு இது புதிதுமல்ல. தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு 18 வருஷம் முன்னாலேயே, 1908-ல், தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. முன்னின்ற வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு முடிந்தது.

பி.இ., கலைக் கல்லூரி, போலீஸ் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ.யைச் சொல்கிறேன். எலக்ட்ரீசியன் இரண்டு வருஷம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். பயிற்சிக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாயும் கேட்கலாம். முடித்ததும் அப்ரன்டிஸ், அதாவது வேலையிடத்திலேயே தொழில் பழகும் பயிற்சி. அதை ரயில்வேயில் முடித்தால் அங்கே தொடக்க நிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம்.

அப்ரன்டிஸ் காலத்தில் அவன் சட்டப்படி பயிற்சியாளன்தான், தொழிலாளி இல்லை. அதனால் முடித்தபின் எங்கே சேர்கிறான் என்பதுதான் முக்கியம். நிரந்தர வேலை உடனே கிடைக்காது, முதலில் தற்காலிகமாகத்தான் எடுப்பார்கள். அப்போது வருகைப் பதிவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வரச் சொல்லுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. தனியாள் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள், அப்போதுதான் சங்கம் வேண்டும்.

பி.இ. முடித்தால் இந்தச் சம்பளம் என்று அண்ணன் காட்டிய கம்பெனித் தாளையும் பார்த்தேன். 20,000 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 12,000. அதற்கு முதலாளி போட வேண்டிய பி.எஃப். 1,440, ஊழியர் பங்கு 1,440, இரண்டும் அந்த 20,000-க்குள்ளேயே அடக்கம். கைக்கு வருவது அதிகபட்சம் 17,120. இதற்காகவா நாலு வருஷம் நகை வட்டிக் கடையில் கிடக்கணும்? அடகு வைக்கவே கூடாது, அக்கா. அவனுக்குப் பிடிக்காத படிப்புக்கு ஒரு கிராம்கூட வேண்டாம்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பேட்டைக்குப் போங்கள். அவனையும் கூட்டிப் போய் மோட்டார் பட்டறையைக் காட்டுங்கள். அண்ணனிடம் நானே பேசுகிறேன்.