வாசகர் கேள்வி: கச்சான் அடிக்கும்போது கண்டல் நடலாமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் எங்கள் இளைஞர் கழகத்துக்குக் கொஞ்சம் காசு அனுப்பியிருக்கிறார்கள். ஜூன் 5, சுற்றாடல் தினத்தன்று களப்போரம் ஆயிரம் கண்டல் கன்று நடப்போகிறோம். என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், குச்சவெளி

பதில்: காரியம் நல்லது, தேதிதான் சரியில்லை. 1973இலிருந்து உலகம் அந்த நாளைக் கொண்டாடுகிறது. தேதி குறித்தவர்களுக்கு, அந்த மாதத்தில் வறட்டி அடிக்கும் நம் கச்சான் காற்றைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜூனில் களப்பு வற்றி, மிஞ்சிய தண்ணீரில் உப்பு ஏறிக் கிடக்கும். நீங்கள் வற்றிய விளிம்பு வரை இறங்கி நடுவீர்கள். கார்த்திகையில் மாரி கொட்டினால், களப்பு கடலைச் சேரும் முகத்துவாரம் உடைத்துக்கொள்ளும் வரை தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். கன்றெல்லாம் தலைமுழுகி அழுகிவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 23 இடங்களைப் போய்ப் பார்த்தபோது, ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிச்சமில்லை. முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும் கண்டல் காயைப் பிடுங்கிச் சேற்றில் குத்துவது லேசான வேலை. அதனால் பொருந்தாத இடத்திலும் அதையே குத்திவிட்டுப் போனார்கள். கொஞ்சம் மேட்டில், சேற்றுக்கு மேலே மூச்சுவேரை நீட்டிக்கொண்டு நிற்குமே கண்ணா மரம், அதை யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஆடுமாடு வேறு மேய்ந்துவிட்டது.

ஆகவே இப்போதைக்குக் காசைத் தொடாதீர்கள். களப்பில் தடி ஊன்றி, வெயிலுக்கும் மாரிக்கும் தண்ணீர் எதுவரை வருகிறது என்று குறியுங்கள். இறால் பிடிக்கிற பெரியவர்களிடம் முன்பு எங்கே கண்டல் நின்றது, எதனால் போனது என்று கேளுங்கள். ரோட்டுப் போட்டபோது மதகு வைக்காமல் தண்ணீர் மறிபட்டிருந்தால், அதைத் திறந்துவிடப் பாருங்கள். தண்ணீர் வந்தால் பக்கத்துக் கண்டலின் காய் தானாக மிதந்துவரும், நடவே தேவைப்படாது. நடத்தான் வேண்டும் என்றால் நூறு கன்று போதும். மீதிக் காசில் வேலி அடைத்து, பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு இரண்டு வருசச் சம்பளம் கொடுங்கள். வன இலாகாவிடமும் பிரதேச செயலகத்திடமும் முன்னதாகவே பேசிவிடுங்கள். கனடாக்காரர் படம் கேட்பார்கள், அது நியாயம்தான். ஆறு மாதத்துக்கு ஒருதடவை அதே இடத்தில் நின்று எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: பாடசாலையில் சுற்றாடல் விழிப்புணர்வுக்காகச் சுவரொட்டிப் போட்டி வைக்க யோசிக்கிறோம். வேறு ஏதாவது செய்யலாமா?
– ஆசிரியை, திருகோணமலை

பதில்: ரீச்சர், அந்த பிரிஸ்டல் போர்ட் எல்லாம் பரிசளிப்பு முடிந்ததும் குப்பைக்குத்தான் போகும். ஒரு நாள் காலை பிள்ளைகளை மான்கள் திரிகிற கோட்டைப் பக்கம் கூட்டிப்போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாழைப்பழத்தைச் சொப்பிங் பையோடு நீட்டுவதையும், மான் பையின் காதைக் கடித்து இழுப்பதையும் அவர்களே பார்க்கட்டும். எந்த மான் எதை இழுத்தது, உள்ளே என்ன இருந்தது என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மான் அசைபோடுகிற பிராணி. பொலித்தீன் அதன் இரைப்பையில் செரிக்காது. சேரச் சேர வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், இரை எடுக்காமல் மெலிந்து செத்துப்போகும். சோறு கட்டும் பொலித்தீன் தாளை 2017இலேயே தடைசெய்தாயிற்று. கொப்பியில் அது வருகிறதா என்று பாருங்கள். எந்தக் குப்பைத்தொட்டிக்கு மூடி வேண்டும், எந்தக் கடைக்காரரோடு பேச வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கேள்வி: புறாமலைத் தீவுக்கு வருகிறவர்கள் முருகைக்கல்லை (பவளப்பாறையை)க் காப்பாற்ற என்ன செய்யலாம்?
– வாசகி, நிலாவெளி

பதில்: காலை ஊன்றாமல் இருக்கலாம். புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் களைத்துப்போகிறவர் எழுந்து நிற்பது உயிருள்ள முருகைக்கல்லின் மேல்தான். நீந்தத் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம். படகுக்காரத் தம்பிமார் இதைச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.