பிரஷர் காட்டுகிற மணிக்கூட்டை நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பிரஷருக்கும் சலரோகத்துக்கும் பல வருடமாகக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறா. கொஞ்சக் காலமாக இடைக்கிடை நெஞ்சு படபடக்கிறது என்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்தால் "ஒன்றுமில்லை" என்கிறார்கள். யாழ் நகரத்தில் ஒரு கடையில் பிரஷர், சுகர், ஈசிஜி, ஒக்சிசன் எல்லாம் காட்டும் ஸ்மார்ட் மணிக்கூடு 12,500 ரூபாவுக்கு இருக்கிறது. 2,000 ரூபா முற்பணம் கொடுத்துவிட்டேன். கனடாவில் இருக்கும் அண்ணா, "பொறு, அப்பிள் வாட்ச் அனுப்புகிறேன்" என்கிறார். அம்மாவிடம் இருப்பது சாதாரண அன்ட்ரொயிட் போன். எதை வாங்குவது? (சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சுகரை முதலில் முடித்துவிடுவோம். ஊசி குத்தாமல், தோலுக்கு மேலால் குருதியிலுள்ள சீனியை நம்பத்தக்கதாக அளக்கிற மணிக்கூடு கிடையாது. அமெரிக்காவின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ., 2024 பெப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது: தானாகச் சீனி அளக்கும் எந்த மணிக்கூட்டுக்கும், எந்த மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று. மேற்கையின் பின்புறத்தில் ஒட்டும் சென்சர் அளக்கிற எண்ணை மணிக்கூட்டில் பார்ப்பது வேறு விஷயம். அங்கே அளப்பது சென்சர். கடையில் உங்களுக்குக் காட்டியது அது அல்ல. சுகர் என்று விளம்பரத்தில் இருக்கிற ஒரு மணிக்கூட்டில் மற்ற எண்களையும் நம்பவேண்டாம். ஒன்றில் பொய் சொல்லத் துணிந்தவர் மற்றதில் மட்டும் உண்மை சொல்லப்போவதில்லை.

பிரஷர். மணிக்கூட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் பச்சை வெளிச்சம் மினுங்கும். அது தோலுக்குள் போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த இடத்தில் குருதி கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். அந்த மாற்றங்களை எண்ணினால் நாடித்துடிப்பு. இதை நல்ல மணிக்கூடுகள் ஒழுங்காகவே செய்கின்றன. ஆனால் நாடி எத்தனை தரம் துடிக்கிறது என்பது வேறு, குழாய்க்குள் எவ்வளவு அமுக்கம் இருக்கிறது என்பது வேறு. அமுக்கத்தை அறிய வெளியிலிருந்து அமுக்கிப் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் கையில் பட்டியைக் கட்டிக் காற்று அடிக்கிறார்கள். அந்த 12,500 ரூபா மணிக்கூட்டில் காற்று அடிக்க எதுவும் இல்லை. முதன்முதல் போனோடு இணைக்கும்போது வயது, உயரம், நிறை கேட்கும் அல்லவா? மலிவுச் சாமான்களில் பல, அந்த விபரத்தையும் நாடித்துடிப்பையும் வைத்து 120/80 பக்கத்தில் ஓர் எண்ணை ஊகித்துப் போடுகின்றன. ஆளுக்கு உண்மையில் 170 இருந்தாலும் 126 காட்டும். "126தானே" என்று அன்றைக்குக் குளிசையைத் தவறவிடுகிறார்கள் பாருங்கள், ஆபத்து அங்கேதான்.

நம்பிக்கையில்லாவிட்டால் கடையிலேயே சோதியுங்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒரு கைலேஞ்சியைச் சுற்றி, அதன்மேல் மணிக்கூட்டை இறுக்கிக் கட்டி, பிரஷர் பொத்தானை அழுத்துங்கள். போத்தலுக்கு 118/76 என்று வந்தால் முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நாடித்துடிப்பு எண் வந்தால் மட்டும் அதை வைத்துக் குற்றம் சொல்லாதீர்கள். நல்ல மணிக்கூடும் சிலவேளை துணியிலிருந்து திரும்பும் வெளிச்சத்தை நாடி என்று எண்ணிவிடும். பிரஷரும் சுகரும் வருகிறதா என்பதுதான் சோதனை.

ஈசிஜிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு, அது இன்னும் சுலபம். இதயத்தின் மின்சாரத்தைப் பதிய இரண்டு பக்கத்திலிருந்தும் தொடுகை வேண்டும்: மணிக்கூட்டின் அடிப்பாகம் ஒரு கையிலும், மற்றக் கையின் விரல் மணிக்கூட்டின் உலோகப் பகுதியிலும் தொட்டிருக்கவேண்டும். விரல் வைக்கச் சொல்லாமலே திரையில் ஈசிஜிக் கோடு ஓடினால் அது வெறும் படம், பதிவு அல்ல.

இப்படியான சாமான்கள் எப்படி இவ்வளவு தாராளமாக வருகின்றன என்று கேட்பீர்கள். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவச் சாதனங்களும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ்தான் வருகின்றன. ஆனால் இது துறைமுகத்தில் "மணிக்கூடு", கடை மேசைக்கு வந்ததும் "டொக்டர் வேண்டாம், எல்லாம் இதிலேயே இருக்கு". கைநூலின் கடைசிப் பக்கத்தில் "மருத்துவப் பாவனைக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதோடு எல்லோருடைய பொறுப்பும் முடிந்தது. முகநூலில் விளம்பரம் போட்டுக் கூரியரில் அனுப்புகிறவர்கள் இன்னும் மோசம்: காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார்கள், அடுத்த மாதம் அந்தப் பக்கமே இருக்காது.

பெரிய கம்பனிகளில் பிரஷர் பார்க்கிற மணிக்கூடு இல்லையா என்றால், இருக்கிறது. சாம்சுங் கலக்ஸி வாட்சில் பார்க்கலாம். ஆனால் முதலில் மேற்கையில் கட்டும் மெஷினால் மூன்று தரம் அளந்து அந்த எண்களை அதில் பதியவேண்டும், 28 நாளுக்கு ஒருமுறை அதைத் திருப்பச் செய்யவேண்டும். எப்படியும் மெஷின் வாங்கியே ஆகவேண்டும் என்றால் மெஷினையே பார்த்துவிட்டுப் போகலாமே? ஹுவாவே வாட்ச் டி வகையில் பட்டிக்குள்ளேயே காற்றுப் பை இருக்கிறது, அது உண்மையாகவே அமுக்கி அளக்கிறது. ஆனால் விலை கூட. காற்றுப் பட்டி இல்லாத கருவிகளை வைத்து நோயைத் தீர்மானிக்கவோ மருந்தை மாற்றவோ ஐரோப்பிய உயர் குருதியமுக்கச் சங்கத்தின் 2023 வழிகாட்டல் பரிந்துரைக்கவில்லை.

ஆகவே பிரஷருக்கு, மேற்கையில் கட்டுகிற தானியங்கி மெஷின் ஒன்றைப் பாமசியில் வாங்குங்கள். வாங்கப் போகுமுன் அம்மாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியோடு வரும் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் கைக்குத்தான். கை பருமனாக இருக்க, சிறிய பட்டியைக் கட்டினால் பிரஷர் இல்லாதவருக்கும் பிரஷர் காட்டும். அளக்கும்போது சலம் கழித்துவிட்டு, முதுகு சாயக் கதிரையில் ஐந்து நிமிடம் இருக்கவேண்டும். கால் தரையில், கை மேசையில், பட்டி நெஞ்சு மட்டத்தில். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் போகவேண்டும். அளக்கும்போது கதைக்கக்கூடாது. காலையில் குளிசைக்கு முன் இரண்டு தரம், ஒரு நிமிட இடைவெளியில். மாலையில் அதேபோல் இரண்டு தரம். ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிராமல் டொக்டரிடம் காட்டவேண்டும்.

ஒக்சிசன் அளவு மணிக்கூட்டில் ஒரு அலங்காரம். இரவில் பட்டி நழுவினால் 88 காட்டிக் குடும்பத்தையே எழுப்பும். தேவையென்றால் விரலில் மாட்டும் சிறிய கருவி போதும்.

இனி அந்தப் படபடப்பு. மற்றவர்களுக்கு நான் மணிக்கூடு வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈசிஜி பதிவது ஏறத்தாழ பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் படபடப்பு இல்லாவிட்டால் கோடு நேர்த்தியாகவே வரும். "ஒன்றுமில்லை" என்றால் "இப்போது ஒன்றுமில்லை" என்பதே பொருள், அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றொரு இதயத் தாளக் கோளாறு உண்டு. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். சிலருக்கு அது வந்து, சில மணித்தியாலத்தில் தானாகப் போய்விடும். நடுங்கும் அறையில் குருதி தேங்கிக் கட்டியானால், அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இந்தக் கோளாறு உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. அதிலும் 65க்கு மேல் வயது, பிரஷர், சலரோகம் மூன்றும் சேர்ந்தால் டொக்டர்கள் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து பற்றி யோசிப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு மூன்றும் இருக்கின்றன. ஆனால் பதிவு இல்லாமல் யாரும் அந்த மருந்தைத் தொடங்கமாட்டார்கள், தொடங்கவும் கூடாது. 24 மணிநேர ஈசிஜி ஒன்றுக்கு நாள் எடுத்து, காத்திருந்து, போட்ட அன்றைக்குப் படபடப்பு வராமல் போய்விட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்கு. வீட்டில், படபடக்கிற அந்த நேரத்திலேயே 30 விநாடி பதியக்கூடிய கருவிக்கு இங்கே வேலை இருக்கிறது.

எது வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது அம்மாவின் போன். அப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் வேலை செய்யாது. வேறொருவருடைய ஐபோனில் குடும்ப உறுப்பினராக இணைத்துக் கொடுக்கலாம் என்று அண்ணா சொல்லக்கூடும். அந்த முறையில் ஈசிஜி கிடையாது. நீங்கள் கேட்கிற ஒரே ஒரு விஷயம் இல்லாமல் மிச்சமெல்லாம் வரும். சாம்சுங் கலக்ஸி வாட்ச் பிற அன்ட்ரொயிட் போன்களோடு ஓடும், ஆனால் ஈசிஜிக்குச் சாம்சுங் போனே வேண்டும். வெளிநாட்டிலிருந்து பாவித்த அப்பிள் வாட்ச் வருவதென்றால், பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்தாரா என்று பாருங்கள். விடுவிக்காவிட்டால் அது பூட்டியபடியே இருக்கும், இங்கே "திறந்து தருகிறோம்" என்பவர்களிடம் காசைக் கொட்டவேண்டாம்.

அண்ணாவுக்கு என் ஆலோசனை: மணிக்கூட்டை விட்டுவிட்டு, கார்டியாமொபைல் என்ற சிறிய ஈசிஜிப் பட்டையைப் பாருங்கள். இரண்டு கை விரல்களையும் அதன்மேல் வைத்தால் 30 விநாடி பதியும். அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டோடும் இணையும். தினமும் சார்ஜ் போடும் தொல்லை இல்லை, சிறிய நாணயப் பற்றரிதான். மணிக்கூடேதான் வேண்டும் என்றால் விதிங்ஸ் ஸ்கான்வாட்ச் இரு வகைப் போனுக்கும் சரிவரும். ஆனால் எதுவானாலும் காசு கட்டுமுன் ஒன்றைப் பார்க்கவேண்டும். ஈசிஜி மருத்துவ அம்சம் என்பதால் கம்பனிகள் அதை நாடு நாடாகத்தான் திறந்துவிடுகின்றன. கம்பனியின் தளத்தில் நாடுகளின் பட்டியல் இருக்கும். அதில் இலங்கை இருக்கிறதா, செயலியை இங்கே தரவிறக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கருவி கையில் இருக்க, அனுமதிக் கடதாசி இல்லாததால் பொத்தான் வேலை செய்யாது என்பது எரிச்சலான விஷயம்தான், ஆனால் அதுதான் நிலைமை.

பதியும் முறையில்தான் பலருக்குப் பிழைக்கிறது. இருந்துகொண்டு, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றவேண்டும். போன் சார்ஜில் இருக்கக்கூடாது. மின்கம்பியின் இரைச்சல் கோட்டில் ஏறிவிடும். விரல் வரண்டிருந்தால் ஈரத் துணியால் ஒருக்கால் ஒற்றுங்கள். மணிக்கூடு என்றால் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, காப்பு இல்லாத கையில் கட்டுங்கள். காப்பு வந்து இடித்துக்கொண்டே இருந்தால் நாடியும் பிழைக்கும், கண்ணாடியும் கீறும். அம்மா அட்டெனலோல், பிசோப்ரோலோல் மாதிரி, துடிப்பைக் குறைக்கும் குளிசை எடுத்தால் நாடி 50 பக்கத்தில் இருக்கக்கூடும். அப்பிள் வாட்ச் போன்றவை 50க்குக் கீழே "குறைந்த துடிப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளத்தை ஆராயாமல் விட்டுவிடும். அந்தப் பதிவையும் எறியாமல் வையுங்கள்.

பதிந்த ஈசிஜியைச் செயலியிலிருந்து பிடிஎஃப் ஆக எடுத்து, போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுங்கள். திகதி, நேரம், அந்நேரம் அம்மா என்ன செய்துகொண்டிருந்தா, தலைச்சுற்றோ மூச்சிளைப்போ இருந்ததா என்பதை அதன் ஓரத்தில் எழுதிக் கிளினிக் கொப்பியில் குத்திவிடுங்கள். போன் திரையை நீட்டினால் நெரிசலான கிளினிக்கில் யாருக்கும் பார்க்க நேரமிராது. கொப்பிக்குள் இருக்கிற தாளைப் புரட்டித்தான் ஆகவேண்டும். கருவி "ஃபிப்ரிலேஷன்" என்று சொன்னாலும் அஸ்பிரினோ வேறு எதுவோ சொந்தமாகத் தொடங்கவேண்டாம்.

இந்த ஈசிஜி மாரடைப்பைக் காட்டாது. நெஞ்சு இறுக்கம், குளிர் வியர்வை, மூச்சடைப்பு, முகம் கோணுதல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் பதிந்துகொண்டிராமல் 1990 சுவசெரிய அம்புலன்சை எடுங்கள்.

முற்பணம் 2,000 ரூபா. கடைக்காரரிடம் சண்டை போடவேண்டாம். "இந்த மணிக்கூடு பிரஷரும் சுகரும் சரியாக அளக்கும்" என்று பற்றுச்சீட்டில் எழுதி, முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டார். எழுதாவிட்டால் காசைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், முற்பணச் சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள்.