மனம் திறந்து: "வேலைக்கு ஆபத்து என்று டாக்டரிடம் வர மறுக்கிறார்"

கேள்வி: என் கணவர் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவில் ஏட்டு. ஓசூர் ஜூஜூவாடிப் பக்கம் விடிய விடிய வாகனச் சோதனை. சில மாதங்களாக வீட்டுக்கு வந்ததும் சீருடையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளைகளிடம் பேச்சில்லை. ஆசையாகச் சாப்பிடும் களியும் கீரைக் கடைசலும் தட்டிலேயே காய்கின்றன. தூக்கத்துக்காகத் தினமும் குடிக்கிறார். "நான் இருந்து யாருக்கு என்ன?" என்கிறார். டாக்டரிடம் போனால் வேலைக்கு ஆபத்தாம். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சூளகிரி

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடைசிப் பேச்சைக் கவனியுங்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று இன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம்.

கிருஷ்ணகிரியில் என்னிடம் வரும் அமலாக்கக் காவலர்கள் கண்விழிப்பைவிட கோர்ட்டைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள். இவர்கள் பிடிக்கும் போதைப்பொருள் வழக்குகளுக்கான 1985-ஆம் ஆண்டின் சட்டத்தில், பிடிபட்டவரின் உடலைச் சோதிக்கும் முன், நடுவர் (மாஜிஸ்திரேட்) அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். அந்த உரிமை அவசியமானதே. ஆனால் நள்ளிரவில் லாரி வெளிச்சத்தில் எழுதிய மகஜரில், அதாவது சோதனைப் பதிவில், ஒரு வரி விட்டுப்போனால், பல வருடம் கழித்துக் கூண்டில் குறுக்கு விசாரணைக்குத் திணறுவது ஏட்டுதான். "மூட்டை தூக்கிய பையன் உள்ளே, அனுப்பியவன் வெளியே" என்று ஒருவர் என் எதிரே அழுதார். அந்த அழுகையைக் கோழைத்தனம் என்பவர்கள்மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்துக்கும் ஆலோசனைக்கும் கேட்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மது கண்ணைச் செருக வைக்கும், போதை இறங்கியதும் எழுப்பிவிடும், சோர்வையும் கூட்டும். ஆனாலும் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தட்டும்.

வேலை பற்றிய பயத்துக்கு: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். அவர் சம்மதமின்றி டாக்டர் மேலதிகாரியிடம் சொல்லக் கூடாது. உள்ளூரில் கூச்சம் என்றால் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். முதல் தடவை நீங்களும் கூடவே போங்கள். தூக்கத்தையும் குடியையும் அவர் குறைத்துச் சொல்வார், நீங்கள் உள்ளதைச் சொல்வீர்கள்.