கொட்டகைச் சுவரில் அம்மாவின் போர்வை

கேள்வி: மகன் வீட்டுக்கு, அமெரிக்காவில் ஒஹையோ போயிருந்தேன். கிராமத்துச் சாலையில் போகும்போது கொட்டகைகளின் உச்சியில் பெரிய சதுரப் பலகையில் நட்சத்திரமும் முக்கோணமுமாக வரைந்து வைத்திருந்தார்கள். விளம்பரமா, மதச் சின்னமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டும் இல்லை, அது போர்வை. துண்டுத் துணிகளை வெட்டிச் சேர்த்து அங்குள்ள பெண்கள் தைக்கிற போர்வைக்கு க்வில்ட் என்று பெயர். அதில் ஒரே ஒரு கட்டத்தைப் பலகையில் பெரிதாக வரைந்து மாட்டினால் பார்ன் க்வில்ட் (பார்ன் என்றால் கொட்டகை). நீங்கள் போனது அது பிறந்த மாநிலத்துக்கே! டோனா சூ குரோவ்ஸ் என்ற பெண்ணும் அவர் அம்மா மாக்சினும் 1989-இல் ஆடம்ஸ் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு பண்ணை வாங்கினார்கள். அதில் பழைய புகையிலைக் கொட்டகை ஒன்று வெறுமையாக நின்றது. அம்மா காலமெல்லாம் போர்வை தைத்தவர், அதனால் 'இதில் உனக்கு ஒரு க்வில்ட் வரைந்து தருகிறேன்' என்று மகள் சொல்லிவிட்டார். சொன்னதோடு வருஷங்கள் ஓடிவிட்டன. அப்புறம் அந்த ஆசை ஊர் வேலையாக மாறியது. ஒரு கொட்டகையோடு ஏன் நிற்க வேண்டும், 20 கட்டங்களை ஊர் ஊராக மாட்டினால் வெளியூர்க்காரர்கள் காரில் சுற்றிப் பார்க்க வருவார்களே என்று திட்டம் போட்டார்கள். 2001-இல் ஒரு மூலிகைப் பண்ணையில் முதல் கட்டம் ஏறியது. அது 'ஒஹையோ நட்சத்திரம்' என்ற போர்வை வடிவம். அம்மாவுக்குச் சொன்ன அந்தக் கொட்டகைக்கு முறை வந்தது அதற்கும் பிறகுதான். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான், தன் வீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஊருக்குச் செய்தார்கள். இன்று அமெரிக்கா முழுக்க, கனடாவிலும்கூட, இவை இருக்கின்றன.

விளம்பரமோ என்று நீங்கள் நினைத்ததிலும் தப்பில்லை. அதே வட்டாரத்தில் மெயில் பவுச் என்ற புகையிலையை விற்ற கம்பெனி, கொட்டகைக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு சுவர் முழுக்க அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்த சுவர்களின் ஊரில் இப்போது அந்தந்த வீட்டுப் பாட்டி தைத்த போர்வையின் வடிவம் ஏறுகிறது என்றால், அது சின்ன விஷயமே இல்லை.

கேள்வி: அந்தக் காலத்து அமெரிக்காவில் அடிமைகள் தப்பிப்போக வழிகாட்டிய ரகசியக் குறிகள்தான் இந்த வடிவங்கள் என்று படித்தேன். உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: கொட்டகைப் பலகைகள் 2001-இலிருந்துதான் வந்தவை, அதனால் அவை இல்லை. துணிப் போர்வைகளைப் பற்றியும் அப்படி ஒரு கதை உண்டு, ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலானோரின் முடிவு. தப்பி வந்தவர்களுக்கு அந்த வட்டாரம் உதவியது மட்டும் சத்தியமான உண்மை. பக்கத்துக் கவுன்ட்டியில் ரிப்ளி என்ற ஆற்றங்கரை ஊரில், பாதிரியார் ஜான் ராங்கின் குன்றின் மேலிருந்த தன் வீட்டில் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். வீடு இன்றும் இருக்கிறது, அடுத்த முறை மகனிடம் போகிறவர்கள் அவசியம் பாருங்கள்.

கேள்வி: பலகை மழையில் ஊறிப்போகாதா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஊறும், ஓரத்தைக் கவனிக்காவிட்டால். வழக்கமான அளவு எட்டடிக்கு எட்டடி, அதாவது 4-க்கு 8 அடி ப்ளைவுட் பலகை இரண்டைச் சேர்க்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், முக்கியமாக வெட்டிய விளிம்பு எல்லாவற்றிலும் ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிப்பார்கள், ஏனென்றால் தண்ணீர் விளிம்பு வழியாக நுழைந்துதான் ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரியும். பிறகு பென்சிலில் கட்டம் போட்டு, டேப் ஒட்டி, ஒவ்வொரு நிறமாக இரண்டு மூன்று கோட்டிங். கோடு பிசிறில்லாமல் வர, டேப் விளிம்பை விரலால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். மாட்டுகிற அன்றைக்குப் பல ஊர்களில் மின்வாரியக்காரர்களே கம்பம் பார்க்கும் தொட்டி வண்டியைக் கொண்டுவந்து தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.