சாயப்பட்டறை ஷிப்டும் ஏசி-4 கணக்கும்

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் எந்த லாட்டை எந்த ஷிப்டில் ஓட்டுவது என்று முடிவு செய்ய ஒரு நிரல் எழுதியுள்ளேன். கட்டுப்பாடுகளுக்கு ஒவ்வாத மதிப்புகளை, அதாவது ஒரு லாட்டுக்கு ஆகாத ஷிப்டுகளை, முன்னதாகவே நீக்க ஏசி-3 (ஏசி என்பது arc consistency) முறையைப் பயன்படுத்தி வந்தேன். ஏசி-4 அதைவிடத் திறன் மிக்கது என்று படித்து மாற்றினேன். நிரல் முன்னைவிட மெதுவாகிவிட்டது. தவறு எங்கே?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் நிரலில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் படித்த ஒப்பீடு மிக மோசமான நிலையைப் பற்றியது. உங்கள் பட்டறையின் அன்றாட நிலை அதுவன்று.

முதலில் இம்முறைகள் செய்யும் வேலையைப் பார்ப்போம். கறுப்பு ஓட்டிய மெஷினில் உடனே வெளிர்நிறம் போட்டால் கறை ஏறும் என்பதால், ஒரே மெஷினில் சந்தன நிறம், அதன்பின் நீலம், அதன்பின் கறுப்பு என்ற வரிசையில் மூன்று லாட்டுகளை, ஷிப்டுக்கு ஒன்றாக, நான்கு ஷிப்டுக்குள் முடிக்க வேண்டும் என்று கொள்வோம். நான்காம் ஷிப்டில் சந்தனத்தைப் போட்டால் நீலத்துக்கு இடமில்லை. எனவே அது நீங்குகிறது. முதல் ஷிப்டு நீலத்துக்கு ஆகாது. நீலம் இரண்டாம் ஷிப்டுக்கு முன் வர இயலாது என்றானவுடன் கறுப்புக்கு முதல் இரண்டு ஷிப்டுகளும் போகின்றன. இப்படி ஒரு நீக்கம் மற்றொன்றைத் தூண்டி, இறுதியில் சந்தனத்துக்கு 1, 2. நீலத்துக்கு 2, 3. கறுப்புக்கு 3, 4 என்று மட்டுமே மிஞ்சும். தேடிப் பார்க்க வேண்டிய 64 சேர்க்கைகள் 8 ஆகச் சுருங்கிவிட்டன.

1977-இல் ஆலன் மேக்வொர்த் வெளியிட்ட ஏசி-3, ஒரு மாறியிலிருந்து (இங்கே ஒரு லாட்) மதிப்பு நீங்கும்போது அம்மாறியுடன் தொடர்புடைய கட்டுப்பாடுகளை மட்டும் வரிசையில் சேர்த்து மீண்டும் சோதிக்கிறது. கட்டுப்பாடுகள் e, ஒவ்வொரு மாறிக்கும் மதிப்புகள் d எனில், மோசமான நிலையில் அதன் வேலை ed³ அளவிலும், 1986-இல் மோரும் ஹெண்டர்சனும் தந்த ஏசி-4-இன் வேலை ed² அளவிலும் வளரும். 100 கட்டுப்பாடுகளும் 20 மதிப்புகளும் இருந்தால் இது எட்டு லட்சத்துக்கு எதிராக நாற்பதாயிரம். ஆனால் ஏசி-4, ஒவ்வொரு மதிப்புக்கும் கட்டுப்பாட்டின் எதிர்ப்புறத்தில் உள்ள மாறியில் எத்தனை மதிப்புகள் துணை நிற்கின்றன, அதாவது அதனுடன் ஒத்துப்போகின்றன, என்று எண்ணிப் பட்டியலிட்ட பிறகே நீக்கத்தைத் தொடங்குகிறது. ஆகவே நாற்பதாயிரத்துக்கு அருகிலான வேலையை எளிய கணக்கிலும் தவறாமல் செய்துவிடும். ஏசி-3 ஒரு துணை கிடைத்ததும் அடுத்த மதிப்புக்குப் போய்விடுவதால், கட்டுப்பாடுகள் தளர்வாக உள்ள உங்கள் கணக்கில் அது முந்துவதில் வியப்பில்லை. நினைவகத்தையும் ஏசி-4 மிகுதியாக எடுக்கும். தேடலின் ஒவ்வொரு கிளையிலும் அப்பட்டியலைப் பழைய நிலைக்குத் திருப்பும் செலவும் சேர்கிறது.

நான் பரிந்துரைப்பது, 2001-இல் பெஸ்ஸியேரும் ரெஜினும் முன்வைத்த ஏசி-2001. ஒவ்வொரு மதிப்புக்கும் கடைசியாகக் கண்ட துணையை மட்டும் அது நினைவில் வைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தேடலைத் தொடர்கிறது. ed² வரம்பு கிடைக்கிறது. நினைவகம் ed அளவில் நிற்கிறது. ஏசி-3-இல் சில வரிகளை மாற்றினாலே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று லாட்டுகளை ஒரே ஷிப்டில் இரண்டே மெஷின்களில் போடச் சொன்னால், இரண்டிரண்டாகச் சோதிக்கும் இம்முறைகள் எதையும் நீக்காமல் விட்டுவிடும், தீர்வே இல்லாதபோதும். அந்த இடத்தில், ‘அனைத்தும் வெவ்வேறு’ என்பதை ஒரே கட்டுப்பாடாக எழுதி, லாட்டுகளையும் மெஷின்களையும் ஒன்றுக்கு ஒன்றாக இணைத்துப் பார்க்கும், 1994-இல் ரெஜின் தந்த பொருத்த முறையைப் பயன்படுத்துங்கள்.