உப்புக் காற்றுக்கு ஒரு நல்ல ஃபில்டர்

கேள்வி: ஐயா, உப்பளங்களில் நடக்கும் வேலையையும், குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் பறவைகளையும் படம் எடுத்து வருகிறேன். பழைய கேனான் கேமராவுடன் 18-55, 55-250, 50 மி.மீ. என மூன்று எஸ்.டி.எம். லென்ஸ்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் பாதுகாப்பாக, முன்னால் திருகி மாட்டும் யூ.வி. (புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) ஃபில்டர் கண்ணாடி மாட்ட வேண்டும் என்கிறார் கடைக்காரர். 300 ரூபாய்க்கும் காட்டுகிறார், 2,000 ரூபாய்க்கும் காட்டுகிறார். என்னிடம் இருப்பதே 2,000 ரூபாய்தான். எதை வாங்கலாம்?
– வாசகர் ஒருவர், வேதாரண்யம்

பதில்: மலிவான மூன்றை வாங்காதீர்கள், மல்டி கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு) செய்யப்பட்ட நல்ல ஃபில்டர் ஒன்றை மட்டும், உங்கள் 2,000 ரூபாய் முழுவதையும் விழுங்காத விலையில் வாங்கி, மீதிப் பணத்தில் லென்ஸ் ஹூட்களை (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் போன்ற மறைப்புகளை) வாங்குங்கள். உங்கள் 18-55, 55-250 ஆகிய இரண்டுக்கும் ஃபில்டர் அளவு, அதாவது வளையத்தின் விட்டம், 58 மி.மீ. என்பதால் ஒரே ஃபில்டர் இரண்டிலும் பொருந்தும். 50 மி.மீ. லென்ஸுக்கு மட்டும் அளவு 49. அதற்குத் தனியாக எதுவும் இப்போது தேவையில்லை.

பூச்சு இல்லாத கண்ணாடி, தன் மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தை ஒவ்வொரு பக்கத்திலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரு பக்கமும் சேர்த்து 8 சதவீத ஒளி குறைவது பெரிய இழப்பன்று. அந்த ஒளி லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் இடையே மோதித் திரும்பி, படத்தில் இல்லாத இடத்தில் வெளிச்சப் பொட்டாக விழுவதும், படம் முழுவதையும் வெளுக்கச் செய்வதும்தான் சிக்கல். மாலை வெயில் பாத்தி நீரில் பட்டுத் தெறிக்கும் உப்பளத்தில் இது உங்களுக்கு அடிக்கடி நேரும். நல்ல மல்டி கோட்டிங் இந்தப் பிரதிபலிப்பை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டு வருகிறது. கடையிலேயே இதைச் சோதிக்கலாம்: ஃபில்டரை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள், விளக்கின் பிம்பம் சன்னல் கண்ணாடியில் தெரிவதுபோல் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் அது பூச்சு இல்லாதது, மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உள்ளது.

யூ.வி. என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். புற ஊதாக் கதிரால் படச்சுருளில் நீல மங்கல் படிந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 'கிளியர்' அல்லது 'புரொடெக்டர்' என்று விற்கப்படுவதும் உங்களுக்குப் போதும்.

வீட்டிலும் மண்டபத்திலும் மட்டும் படம் எடுப்பவராக நீங்கள் இருந்திருந்தால், ஃபில்டரே வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். உப்பளம் வேறு. காற்றோடு வரும் உப்புநீர் கண்ணாடியில் காய்ந்து படிகமாகிவிடுகிறது. அதைத் துணியால் அப்படியே துடைப்பது மணலைத் தேய்ப்பதற்குச் சமம். ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிவிடலாம், லென்ஸை அலச முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே உங்களை வாங்கச் சொல்கிறேன். ஃபில்டர் முன்கண்ணாடியை மட்டுமே காக்கும் என்பதையும் மறவாதீர்கள். மாலையில் வீடு திரும்பியதும் லென்ஸின் உடல், ஜூம் வளையம் எல்லாவற்றையும் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள்.

அந்த ஒற்றை ஃபில்டரை 18-55 லென்ஸிலேயே நிலையாக வைத்திருங்கள். ஆட்களுக்கும் நீர்த் தெறிப்புக்கும் மிக அருகில் செல்வது அதுதான். மேலும், களத்தில் நின்று மாற்றி மாற்றி மாட்டினால் உள்ளே உப்புத்தூசி புகும். பறவைகளுக்கான 55-250 லென்ஸை, பலத்த காற்று வீசாத நாட்களில், ஆழமான ஹூட் மட்டும் அணிவித்துப் பயன்படுத்துங்கள். ஃபில்டர் கண்ணாடியின் இரு முகங்களும் முற்றிலும் சமதளமாக இல்லாவிட்டால் அந்தக் குறை 250 மி.மீ.யில்தான் பெரிதாகத் தெரியும். இறகுகளின் நுண்மை போய்விடும்.

18-55க்கு இ.டபிள்யூ.-63சி, 55-250க்கு இ.டி.-63 என்பவை ஹூட்களின் பெயர்கள். வேறு நிறுவனங்கள் செய்யும் மலிவு ஹூட்களையே தயங்காமல் வாங்கலாம். அவற்றில் கண்ணாடி இல்லாததால் படத்துக்குக் கேடு வராது. கேமரா கைதவறி விழுந்தாலும் முதல் அடியை ஹூட் தாங்கும். மெல்லிய ஃபில்டரோ உடைந்து, அதன் சில்லுகளே லென்ஸைக் கீறிவிடக்கூடும்.

கேள்வி: ஓராண்டாக மாட்டியிருக்கும் ஃபில்டர் இறுகிக்கொண்டு கழல மறுக்கிறது. என்ன செய்வது?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: இரு விரல்களால் அழுத்திப் பிடிக்கும்போது மெல்லிய வளையம் சற்றே நீள்வட்டமாகி மேலும் இறுகுகிறது. அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, எல்லா விரல்களாலும் சீராக, லேசாகப் பிடித்து இடப்புறமாகத் திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், சுத்தமான தட்டை ரப்பர் விரிப்பின் மீது லென்ஸைக் கவிழ்த்து, வளையத்தின் விளிம்பு முழுவதும் படும்படி மெல்ல அழுத்தித் திருப்பலாம். குறடு மட்டும் வேண்டாம். வளையம் நசுங்கினால் லென்ஸின் மரையும் சேர்ந்து கெடும்.